மாதிரி எண் பதினேழு

செக்கானூரணி தாண்டி இடது கைப்பக்கம்
ஒரு சவுடுக் குழி.
மூன்று ஆள் ஆழம் என்று அனுமதிச் சீட்டில் இல்லை.
அடியில் நின்று கத்திய ஆட்டுக்குட்டிதான் சொன்னது.

மொக்கச்சாமி லாரியை அணைக்காமலே எட்டிப் பார்த்தார்.
"ஒச்சம்மா லோடுலருந்து எடுக்கிறீங்க,
ஒரு கிலோ கொறஞ்சா கேப்பாக."
பையில் அள்ளினேன். பதினேழு என்று எழுதினேன்.
வியர்வை பட்டு ஏழு அழிந்தது.
மறுபடி எழுதினேன்.
"என்னம்மா பாப்பீங்க இதுல?"
கதிர்வீச்சு.
"எங்க, கூடங்குளத்துலருந்தா வந்துச்சு?"
இல்லை, எங்கிருந்தும் வரவில்லை.
நாகமலை முளைப்பதற்கு முன்னாலிருந்தே
உள்ளேயே இருக்கிறது.
"அப்ப உள்ளூர்க்காரன்தான்" என்று
கியரைத் தட்டிவிட்டுப் போனார்.

அது வைகாசி.

நூற்றுப்பத்து டிகிரியில் மண்ணை உலர்த்தினேன்,
சலித்தேன், டப்பாவில் அடைத்தேன்,
மூடி விளிம்பில் பசை தடவி
ஒரு மாதம் எடுத்து வைத்தேன்.
ரேடியத்திலிருந்து பிறக்கும் வாயு
உள்ளேயே தங்கி, தன் வாரிசுகளோடு
சரிக்குச் சரியாக நிற்க அவ்வளவு நாள் ஆகும்.
பிறகு கருவிக்கு வரிசை.
பிறகு மின்தடை.
அதற்குள் அங்கே
இருபத்தோரு லோடு கொட்டி, தண்ணீர் விட்டு மிதித்து,
லிண்டல் ஏறி, தளம் ஏறி,
ஆடி முடியட்டும் என்று காத்திருந்து
ஆவணியில் பால் காய்ச்சிவிட்டார்கள்.
எனக்கும் பத்திரிகை வந்தது. போகவில்லை.
கையில் எண் இல்லாமல் எப்படிப் போவது?

கருவியைச் சுற்றி நாலு விரற்கடை ஈயம்.
பார்க்க வருகிற பிள்ளைகள்
எங்களைக் காப்பாற்றத்தான் அது என்று நினைக்கிறார்கள்.
இந்த அறையின் செங்கல், நான் நிற்கும் கிரானைட்,
என் தசையில் கிடக்கும் பொட்டாசியம்,
எல்லாமே ஓயாமல் பேசுகின்றன.
ஒரு டப்பா மண் சொல்வது காதில் விழ
மற்ற மண்ணையெல்லாம்
கொஞ்ச நேரம் வாய் மூடச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் வெறும் டப்பாவை வைத்து எண்ணுவோம்.
வெறும் டப்பாவும் சுழியம் காட்டாது.
அதைக் கழித்து
மீதியை மண் என்கிறோம்.

பதினேழு: தோரியம் சற்றே தூக்கல். அளவுக்குள்.
தோரியம் பாதியாகக் கரைய
ஆயிரத்து நானூறு கோடி ஆண்டு.
ஒச்சம்மாளின் வீட்டுக்கடன் பதினைந்து ஆண்டு.

புரட்டாசியில் போய்ச் சொன்னேன்.
அளவுக்குள்தான் இருக்கிறது.
"அளவுக்குள்ளன்னா,
இருக்குன்னுதான அர்த்தம்?"
ஆமாம்.
அவர் தரையைப் பார்த்தார்.
வெள்ளை டைல்ஸ், ஓரத்தில் ஒன்று மட்டும் நிறம் மாறியது,
கடைக்காரன் ஏமாற்றியது.
அதைத்தான் பார்த்தாரோ என்னவோ.

ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றேன்,
தரை வழியாக வருவது தங்காமல் போய்விடும்.
எழுந்து திறந்தார்.
குழியிலிருந்து வந்த லாரி
தெரு மண்ணை வாரி உள்ளே இறைத்துவிட்டுப் போனது.
டிவி மேல் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார்,
எனக்குக் காட்டினார்,
சாத்தினார்.
இருவரும் மின்விசிறிக்குக் கீழே
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டார்:
"அந்த ஒரு கிலோவ என்ன செஞ்சீங்க?
என் லோடுதான அது?"

அடுத்த வாரம்
பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன்.
பக்கத்து இருக்கையில் ஒரு கைக்குழந்தை
மூடியில் இருந்த பதினேழைத்
தட்டித் தட்டி விளையாடியது.
ஒச்சம்மாள் கரண்டிக் காம்பால் பசையை நெம்பினார்.
கடைசிப் படிக்குக் கீழே ஒரு பள்ளம்,
அதில் கொட்டிக் குதிகாலால் அமுக்கினார்.
மண் போதவில்லை.

டப்பாவைத் தட்டிப் பார்த்தார்.
"நல்ல டப்பா."
கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தார்.
வெறும் டப்பா.